பழைய கார் வாங்கப் போறீங்களா? 'டோட்டல் லாஸ்' ஆன வண்டி என்று ஆர்சி சொல்லாது!

சம்பா நெல் கொள்முதல் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் பூதலூர் பக்கம் 'ஒரு கார் பார்ப்போமா' என்ற பேச்சு வரும். புதுசுக்கு பட்ஜெட் இடிக்கும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பழைய கார் பார்க்கக் கிளம்புவோம். வண்டி பளபளன்னு இருக்கும், விலையும் குறைவு. அப்போது கேட்க வேண்டிய கேள்வி: இது இன்ஷூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' ஆன வண்டியா?

பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய காரைச் சரிசெய்யும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஐடிவி 4 லட்சம் என்றால், ரிப்பேர் 3 லட்சத்தைத் தாண்டினாலே கதை முடிந்தது. ஓனருக்குப் பணம் போய்விடும். வண்டி? சேதமான நிலையிலேயே விற்கப்படும். வாங்குபவர் உதிரி பாகமாகப் பிரிக்கலாம். தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து மறுபடி ரோட்டிலும் விடலாம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களை நினைத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் இத்தகைய வண்டிகளுக்கு எஸ், என் என்று வகை குறித்து வைக்கிறார்கள். இங்கே, நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத வண்டி என்றால் 14 நாளில் ஆர்டிஓவிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. 'ஓட்டலாம், ஆனா செலவு கட்டாது' என்ற ரகம் இதில் நழுவிவிடுகிறது. எம்பரிவாகன் ஆப்பில் இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று தெரியும். கிளெய்ம் வரலாறு தெரியாது. நிறுவனங்களிடம் இருக்கும் இந்தத் தகவலை அங்கே ஒரு வரியாகச் சேர்க்க அரசுக்கு என்ன தயக்கம்?

அதுவரை பழைய பாலிசிதான் துப்பு. கடைசி மூன்று, நான்கு வருஷ நகல்களைக் கேளுங்கள். கிளெய்மே எடுக்காதவருக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதம் வரை போகும். 'நாலு வருஷமா நான்தான் ஓட்டுறேன், ஒரு கீறல்கூட இல்ல' என்பவரின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால், ஏன் என்று கேளுங்கள். பாலிசியை 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் போனஸ் போகும். ஆனால் நடுவில் அப்படி இடைவெளி இருந்தால், வண்டி அப்போது எங்கே நின்றது என்று விசாரியுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரியையும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சீட்டைக் கழுவியவர்கள் பெல்ட்டின் உள்பகுதியை மறந்திருக்கலாம். சேற்றுக் கறை அங்கேயே இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் கை விட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.