பியூரெட்டைத் தொடாமல் வேதியியலா?
பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20 எப்படியும் வந்துவிடும் என்ற நினைப்பில், பல பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் ஆய்வகக் கதவே திறக்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட்டிலிருந்து ஊதாக் கரைசல் சொட்டுச் சொட்டாகக் கந்தக அமிலம் சேர்த்த பெர்ரஸ் கரைசல் உள்ள கூம்புக் குடுவையில் விழுகிறது. விழுந்த மாத்திரத்தில் நிறம் போய்விடுகிறது. குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு சொட்டில் வெளிறிய இளஞ்சிவப்பு மறையாமல் நின்றுவிடும். அதுவரை பெர்ரஸ் அயனி எலக்ட்ரானை இழந்து பெர்ரிக் ஆகிக்கொண்டிருந்தது, மாங்கனீசு +7-லிருந்து +2-க்கு இறங்கிக்கொண்டிருந்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சமான நிறை காண அதன் மூலக்கூறு நிறையான 158-ஐ ஏன் 5-ஆல் வகுக்கிறோம் என்பது அந்தக் குடுவையைக் கண்ணால் பார்த்தவனுக்கு எளிதில் மறக்காது. கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்கும் துணிச்சலும் அங்கேதான் பிறக்கிறது (பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், அளவீடு தப்பாகும்). கைடில் இதற்கு ஒரு வரி விடை இருக்கிறது. மனப்பாடம் செய்தால் ஒரு மதிப்பெண் கிடைக்கும், நீட் தேர்வில் கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டால் கை நின்றுவிடும். மின்வேதியியல் பாடம் நடக்கும் அதே வாரத்தில் ஒவ்வொரு மாணவர் கையிலும் பியூரெட்டைக் கொடுங்கள். வினா வங்கிகளை ஜனவரியில் புரட்டிக்கொள்ளலாம்.