தொட்டில் ஆட்டும் கை யாருடையது?

2024 நவம்பர் 27 அன்று, மாமல்லபுரம் அருகே பண்டிதமேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐந்து பெண்களின் உயிரைத் தறிகெட்டு ஓடிய கார் பறித்தது. அத்தகைய துக்க வீட்டின் பெண்கள் மனம்விட்டுப் பேச, ஒரு பெண் செய்தியாளர் வேண்டும். ஆனால், நம் வீட்டு மகள் அப்பணிக்குப் புறப்பட்டால், "பிள்ளையை யார் பார்ப்பது?" என்கிறோம். அவள் கணவனிடம் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை.

குழந்தையின் அழுகுரல் கேட்டு, தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கினார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்தத் தாயைப் பள்ளிவாசலிலிருந்து திருப்பி அனுப்பவில்லை.

2017 சட்டத்திருத்தம் 26 வாரம் வரை மகப்பேறு விடுப்பும், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகமும் கொண்டுவந்தது. செய்திக்கு இவ்வளவு என ஊதியம் பெறும் பகுதிநேரச் செய்தியாளருக்குப் பெரும்பாலும் அதுவும் எட்டுவதில்லை.

சகோதரர்களே, அவளைத் தடுக்க நீளும் கை, தொட்டிலை ஆட்டட்டும்!