'4கே ரீமாஸ்டர்' என்று போட்டால் நம்பிவிடுவதா?

யூடியூப்பில் ஒரு பழைய தமிழ்ப் படத்தைத் தேடிப் பாருங்கள். '4கே ரீமாஸ்டர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். திறந்து பார்த்தால் முகங்கள் மெழுகுப் பொம்மை மாதிரி வழுவழுவென்று இருக்கும். பாட்டுக் காட்சியில் ஆடுகிறவரின் பாதம் திரைக்கு வெளியே போயிருக்கும். இது படத்தைத் திருத்துவது இல்லை, கெடுப்பது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கேளுங்கள்.

முதலில் கணக்கு. இங்கே கடைகளில் விற்ற டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு 720×576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே என்றால் 3840×2160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக 20 மடங்கு. ஒரு டிவிடியை எடுத்து 4கே ஆக்கினால், 20 புள்ளிகளில் 19 கணினி ஊகித்துப் போட்டவை. சிவாஜியின் கண்ணோரச் சுருக்கத்தைக் கமரா பார்த்தது. கணினி பார்க்கவில்லை. உண்மையான 4கே வேண்டுமென்றால் நெகட்டிவையோ நல்ல பிரிண்டையோ திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்குக் காசும் பொறுமையும் தேவை. பட்டனை அமத்தினால் வராது.

அடுத்தது கிரெயின். பழைய படத்தில் பொடிப்பொடியாக அசைவது அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஃபிலிமில் படம் உருவாவதே அந்தப் பொடிகளால்தான். அதை அழிக்கிற மென்பொருளுக்குக் கிரெயின் எது, தலைமுடி எது, பட்டுச் சேலையின் இழை எது என்று சரியாகப் பிரிக்கத் தெரியாது. மூன்றையும் சேர்த்தே தேய்த்துவிடும். ஹொலிவூட்டும் இதில் தப்பவில்லை. 2010இல் வந்த 'பிரிடேட்டர்' புளூரே, 2024இல் வந்த 'ட்ரூ லைஸ்' 4கே இரண்டும் இதே மெழுகு முகத்துக்காக ரசிகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டன.

எனக்கு அதிகம் கோபம் வருவது மூன்றாவது விஷயத்தில். படத்தின் வடிவம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்' வந்தது 1964இல். அது கிட்டத்தட்டச் சதுரமான திரைக்கு எடுத்த படம். ஆனால் 2012இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது அகலமான ஸ்கோப்பாக மாற்றினார்கள். சதுரத்தை அகலமாக்க வழி இரண்டுதான்: இழுக்க வேண்டும், அல்லது மேலும் கீழும் வெட்ட வேண்டும். 1.37க்கு 1 என்ற படத்தை 2.35க்கு 1 ஆக்க வெட்டிக்கொண்டே போனால் 42 சதவீதம் போய்விடும். ஐந்தில் இரண்டு பங்கு!

"அப்படி வெளியிட்டதால்தானே இளம் ஆட்கள் தியேட்டருக்கு வந்தார்கள்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். புதுக் 'கர்ணன்' நன்றாக ஓடியது. ஒரு பழைய படத்தை மீட்டுத் திரைக்குக் கொண்டுவந்தவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சனம் வந்தது கர்ணனுக்காக, அகலத்துக்காக இல்லை. திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்திருந்தால் எழும்பிப் போயிருப்பார்களா?

ஒழுங்காகச் செய்யவும் முடியும். அரவிந்தனின் 'தம்பு' (1978) என்ற மலையாளப் படத்தின் மூல நெகட்டிவ் இப்போது இல்லை. அப்படியிருந்தும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் புனே ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதியை வைத்து மீட்டெடுத்து, 2022இல் கான் விழாவில் காட்டியது. மலையாளத்துக்கு முடிந்தது தமிழுக்கு ஏன் முடியாது?

இது பழைய ஆட்களின் கவலை என்று விட்டுவிடாதீர்கள். நெகட்டிவ்கள் உக்கிக்கொண்டு வருகின்றன. நாளைக்கு மிஞ்சப்போவது இந்தக் கோப்புகள்தான். எங்களில் பலர் தமிழைப் பாதி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தோம், மீதியைப் படங்களில் பிடித்தோம். 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' தமிழ்நாட்டுக்கு முன்பே லண்டனில் திரையிடப்பட்டது. அன்றைக்கு இந்த ஊர் முழுசாகப் பார்த்ததை, இந்த ஊரில் பிறந்த நீங்கள் ஏன் வெட்டுப்பட்ட துண்டாகப் பார்க்க வேண்டும்?

செய்யக்கூடியவை இருக்கின்றன. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை உள்ள பிரதியையே தேர்ந்தெடுங்கள். வீட்டு டிவியில் 'ஜூம்', 'மோஷன் ஸ்மூதிங்' இரண்டையும் நிறுத்துங்கள். '4கே' என்று விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எதிலிருந்து ஸ்கேன் செய்தீர்கள்? பதில் வராவிட்டால் அந்த 4கே வெறும் ஸ்டிக்கர்தான்.