கானாவின் கொக்கோவும் மலாயாவின் றப்பரும்

1957 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆம் திகதி கானாவும், அதே ஆண்டு ஆகஸ்ட் 31 ஆம் திகதி மலாயாவும் பிரித்தானியர் ஆட்சியினின்றும் விடுபட்டன. கானா கொக்கோவையும் பொன்னையும், மலாயா றப்பரையும் வெள்ளீயத்தையும் உலகுக்கு விற்று வாழ்ந்த நாடுகள். சராசரி வருமானத்தில் மலாயா ஒருபடி மேலே நின்றது மெய்யே. ஆயினும் வெகு தூரத்தில் நிற்கவில்லை. கானாவின் கையிலே சுமார் 20 கோடி பவுண் இருப்பு. மலாயாவின் காடுகளிலோ கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுடன் போர் ஓயாத நிலை. எந்த நாடு முன்னேறும் என்று அன்று பந்தயம் கட்டியிருந்தால் கானாவின் மீது கட்டியோர் பலராயிருந்திருப்பர். இன்றோ? 2023 ஆம் ஆண்டுக் கணக்கின்படி மலேசியாவின் தலைவீத வருமானம் 11 ஆயிரம் டொலருக்கு மேல். கானாவினுடையது 2 ஆயிரத்துச் சொச்சம்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? இன இயல்பு, தட்பவெப்பம் என்றெல்லாம் கதை அளப்போரை விட்டுவிடுவோம். கொக்கோ மரத்தின் அடியிலிருந்தே தொடங்குவோம்.

கானாவின் கொக்கோ வெள்ளைத் துரைமாரின் தோட்டப்பயிர் அன்று. 1879 இல் தெத்தே குவார்சி என்ற ஆபிரிக்கர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொணர்ந்த விதைகளே பரவின என்பர். சிறு கமக்காரர் தம் சொந்த உழைப்பால், சொந்தச் சேமிப்பால், உலகின் முதன்மையான கொக்கோ நாட்டை உருவாக்கினர். அவர்களுக்கு உதவுவதாகச் சொல்லி 1947 இல் கொக்கோச் சந்தைச் சபை நிறுவப்பட்டது. விலை ஏறும் காலத்தில் ஒரு பங்கைச் சேமித்து வைப்போம், விலை விழும் காலத்தில் அதனைக் கமக்காரனுக்கே திருப்பிக் கொடுப்போம் என்பது அதன் வாக்குறுதி. கேட்பதற்கு இனிய ஏற்பாடு. 1954 இல், சுதந்திரத்துக்கு முன்னரே, 60 இறாத்தல் கொண்ட ஒரு சுமைக்கு 72 சிலிங் என்று விலை சட்டத்தால் நிறுத்தப்பட்டது. கணக்குப் பார்த்தால் தொன் ஒன்றுக்கு 134 பவுண். அவ்வாண்டு இலண்டன் சந்தையிலோ கொக்கோ 400 பவுணைத் தாண்டி விற்றது! அசாந்தி நாட்டுக் கமக்காரர் கொதித்தெழுந்து தனிக் கட்சியே கண்டதில் வியப்பில்லை.

எடுத்த பணம் எங்கே போயிற்று? குவாமே என்குருமா திருடர் அல்லர்; தம் நாட்டைத் தொழில்நாடாக்கத் துடித்த தேசபக்தர். பாடசாலைகளும் தெருக்களும் தெமா துறைமுகமும் அப்பணத்தால் எழுந்தன. இவற்றை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால், மூலப்பொருளும் சந்தையும் பாராது கட்டிய ஆலைகளும், உழவு யந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்த அரசாங்கப் பண்ணைகளும் அதனையே விழுங்கின. 1965 இல் முடிவுற்ற அக்கொசொம்போ அணைக்காக ஏறத்தாழ 80 ஆயிரம் மக்கள் குடிபெயர்ந்தனர். அதன் மின்சாரத்தின் பெரும்பங்கு மலிவு விலையில் அமெரிக்கரின் அலுமினிய ஆலைக்குச் சென்றது. அந்த ஆலையோ கானாவின் மண்ணிலுள்ள பொக்சைற்றைத் தொடாது, வெளிநாட்டிலிருந்து அலுமினாவை இறக்குமதி செய்தது. உணவுப் பயிர் செய்வோனின் விளைச்சலை முதலில் உயர்த்துங்கள் என்று 1953 இலேயே அறிக்கை எழுதிக் கொடுத்தவர் ஆதர் லூயிஸ். பின்னர் என்குருமாவின் பொருளாதார ஆலோசகராயிருந்து மனம் வெறுத்து விலகிய இவருக்கு 1979 இல் நோபல் பரிசு கிடைத்தது.

1965 இல் உலக விலை சரிந்தபோது சபையின் சேமிப்புப் பெட்டி வெறுமையாயிருந்தது. கமக்காரனின் விலை உயர்த்தப்படவில்லை, குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. பின்வந்தோரும் அதே பையிலேதான் கையை விட்டனர். நாணயத்தின் மதிப்பைப் பொய்யாக உயர்த்தி வைத்ததும் கமக்காரன் மீது விழுந்த மறைமுக வரியே. அவன் என் செய்வான்? கிழமரங்களை வெட்டிப் புதுக்கன்று நடவில்லை. காய்த்ததை இரவோடிரவாக ஐவரி கோஸ்ட்டுக்கும் தோகோவுக்கும் கடத்தினான். 1964-65 இல் 5 இலட்சத்து 50 ஆயிரம் தொன்னுக்கு மேலிருந்த விளைச்சல், வறட்சியும் காட்டுத்தீயும் சேர்ந்தடித்த 1983-84 இல் 1 இலட்சத்து 60 ஆயிரம் தொன்னுக்குக் கீழே இறங்கிற்று.

மலாயாவும் றப்பர் மீது தீர்வை விதித்தது. அங்கும் அரசாங்கம் தர்மசாலை நடத்தவில்லை. ஆனால் ஏற்றுமதியில் அறவிட்ட பணத்தின் ஒரு பகுதி மரத்தின் அடிக்கே திரும்பிற்று: கிழ றப்பரை வெட்டிப் புது இனம் நடுவோருக்கு மானியம் வழங்கப்பட்டது. 1925 இல் நிறுவிய றப்பர் ஆராய்ச்சி நிலையத்தை வளர்த்தனர். அங்கே உருவான புதிய இனங்கள் பழைய மரங்களிலும் இரண்டு மூன்று மடங்கு பால் தந்தன. செயற்கை றப்பர் வந்து விலையைத் தாக்கியபோது, குறைந்த விலையிலும் பிழைக்க வல்ல மரம் கமக்காரனிடம் நின்றது. 1956 இல் தோன்றிய 'பெல்டா' என்னும் நிலக்குடியேற்ற நிறுவனம் காணியற்றோருக்குக் காட்டைத் திருத்தி, நட்டு, காய்க்கும் பருவத்தில் கையளித்தது.

செம்பனையின் கதை இன்னும் சுவையானது. மேற்கு ஆபிரிக்கக் காடுகளில் தானாய் வளரும் மரம் அது. கானாவின் வீட்டு மரம். சிலாங்கூரில் 1917 இல் வணிகப் பயிராகிய அதனை, 1960 இல் சுமார் 55 ஆயிரம் ஹெக்டேயரில் இருந்ததை, இன்று 50 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் மலேசியா வளர்க்கின்றது. முன்னர் கூலியாட்கள் கையினாலேயே மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981 இல் கமரூனிலிருந்து ஒரு சிறு வண்டினத்தைக் கொணர்ந்து விட்டனர். வேலையை வண்டு ஏற்றுக்கொண்டது. ஆபிரிக்காவின் மரம், ஆபிரிக்காவின் வண்டு, இலாபம் ஆசியாவுக்கு! கமத்தொழிலில் காலூன்றிய பின்னரே 1972 இல் பினாங்கிலே சுதந்திர வர்த்தக வலயமும் மின்னணு ஆலைகளும் வந்தன.

மலேசியாவைப் போற்றிப் பாடுவோர் மறைக்கும் பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்தின் எத்தனையோ கல்வீடுகள் மலாயாப் பென்சனில் எழுந்தவை. அந்நாட்டின் நன்மையை எண்ணும்போது நமக்கு இயல்பாகவே பாசம் மிகும். ஆனால் புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்த நம்மவர் வேறு. றப்பர் பால் வெட்டிய தோட்டத் தமிழர் வேறு. 1969 மே மாதக் கலவரத்தின் பின் வேலை அனுமதிச் சீட்டு விதியால் பிரசாவுரிமையற்ற இந்தியத் தொழிலாளர் பல்லாயிரவர் நாட்டைவிட்டு நீங்கினர். அதே ஆண்டு நவம்பரில் கானாவும் அயல்நாட்டுத் தொழிலாளரைத் துரத்தித் தன் கொக்கோத் தோட்டங்களைக் கையாளின்றித் தவிக்க விட்டது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கண்ட நமக்கு இது புதுமையன்று. 1971 இன் புதிய பொருளாதாரக் கொள்கை மலாய் மக்களின் வறுமையைப் பெரிதும் துடைத்தது. பெல்டாவின் குடியேற்றக் காணிகளும் பெரும்பாலும் அவர்களுக்கே. றப்பர் நாட்டை உருவாக்கியவனின் பிள்ளைக்கு அக்காணியில் கிடைத்த பங்கு அற்பம்.

அதிர்ஷ்டமும் மலேசியாவின் பக்கம் நின்றது. எண்ணெய் கிடைத்தது, அருகே சிங்கப்பூர் இருந்தது, இராணுவப் புரட்சி நேரவில்லை. ஆனால் கானாவிலும் 2010 முதல் எண்ணெய் எடுக்கப்படுகின்றது. 1983 இல் றோலிங்ஸ் ஆட்சி போக்கை மாற்றிக் கமக்காரனின் விலையை உயர்த்தியபோது விளைச்சல் மீண்டது; 2010-11 இல் 10 இலட்சம் தொன்னையும் தொட்டது. விலை கிடைத்தால் அக்கமக்காரன் நடுவான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

2022 ஏப்ரிலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. டிசம்பரில் கானாவும் அவ்வாறே செய்தது. 2024 இன் முற்பகுதியில் உலகச் சந்தையில் கொக்கோ தொன் ஒன்று 10 ஆயிரம் டொலரைத் தாண்டிற்று. சபையோ பழைய விலைக்கு முன்கூட்டியே விற்றிருந்தது. உயர்த்திக் கொடுத்த பின்னரும் கானாக் கமக்காரனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2 ஆயிரத்து 500 டொலரே. எல்லைக் காடுகளின் வழியே கொக்கோ மூடைகள் மீண்டும் அயல்நாட்டுக்குச் சென்றன. மரங்களை அழித்துப் பொன் தோண்டுவோருக்கு நிலத்தை விற்றுவிட்ட கமக்காரரும் உளர்.