செல்லைக் குறை சொல்லும் முன்

மலைக்குப் போன வண்டியில் லித்தியம் பேட்டரி பாதியில் நின்றுவிட்டது என்று வாடிக்கையாளர் வந்து நின்றால், கேம்பர்வேன் கட்டும் நம்மில் பலருடைய சந்தேகம் முதலில் செல்லின் மீதுதான் போகிறது. மட்டமான சரக்கு, பழைய செல்லை மேலுறை மாற்றி விற்றிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறோம். அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேம்பர்வேன்களைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் செல் நன்றாகவே இருக்கிறது. கெட்டிருப்பது நாம் அதைக் கட்டிய விதம்.

இதைச் சோதித்துப் பார்க்க நமக்குக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான பாதை இல்லை. நாமக்கல் சமவெளியில் சித்திரை வெயில் 40 டிகிரி. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறி வாழவந்தி நாட்டுக்குப் போய்ச் சேரும்போது கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். இரவில் போர்வை தேவைப்படும். ஒரே நாளில் வெப்பம், அதிர்வு, இன்ஜின் சுமை, பனிமூட்டம் எல்லாவற்றையும் அந்தப் பேட்டரி பார்த்துவிடுகிறது.

முதலில் ஆல்டர்னேட்டர். ஈயப் பேட்டரி நிறைய நிறைய, தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் உள்தடை மிகக் குறைவு. கொடுப்பதையெல்லாம் கடைசிவரை வாங்கிக்கொண்டே இருக்கும். அதை நேராக ஆல்டர்னேட்டரில் இணைத்தால், வளைவுக்கு வளைவு மெதுவாக ஊரும் வண்டியில், காற்றோட்டமே இல்லாத பானெட்டுக்குள், ஆல்டர்னேட்டர் முழுச்சுமையில் வேகும். இடையில் பேட்டரி மேலாண்மை அமைப்பு (பிஎம்எஸ்) திடீரென்று சார்ஜைத் துண்டித்தால் மின்னழுத்தம் எகிறி டையோடுகள் போகும். வாடிக்கையாளரோ பேட்டரியைத் திட்டுவார். இதற்குத் தீர்வு நமக்குத் தெரிந்ததுதான்: நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர். 30 ஆம்பியர் போதும். நாமக்கல்லிலிருந்து மலைமேல் உள்ள செம்மேடு போய்ச் சேர ஆகும் இரண்டு மணி நேரத்தில் 60 ஆம்பியர்-அவர் ஏறிவிடும். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அது பாதிக்கு மேல். செலவு கூடுகிறது என்று இதை விட்டுவிட்டு ரிலே ஒன்றைப் போட்டு அனுப்புவது நம் தொழிலுக்கு நாமே செய்யும் துரோகம்.

அடுத்தது கேபிள் முனையில் மாட்டும் லக். சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். 1,500 வாட் இண்டக்ஷன் அடுப்பை 12.8 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 130 ஆம்பியர் போகும். ஒரு லக் கொஞ்சம் தளர்ந்து, அந்த இடத்தில் வெறும் 2 மில்லி ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 130-இன் வர்க்கத்தை 0.002-ஆல் பெருக்கினால் சுமார் 34 வாட். கடையில் நாம் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் இரும்பைவிட அதிகச் சூடு, ஒரு போல்ட்டின் அடியில், பிளாஸ்டிக் பெட்டிக்குள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் சமவெளியில் பல மாதம் தாங்கலாம். இடமும் வலமும் உலுக்கும் 70 வளைவுகளை ஏறி இறங்கிய பிறகு தாங்குமா? ஹைட்ராலிக் கிரிம்பர் வாங்குங்கள். டார்க் ஸ்பேனரால் முறுக்கி, நட்டின் மேல் பெயிண்ட் கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் தளர்ந்தது கண்ணுக்கே தெரியும்.

வீட்டுக்கு வாங்கும் ஏசி எம்சிபியை பேட்டரி லைனில் போட்டிருப்பதையும் பார்க்கிறோம். டிசியில் எழும் மின்வில்லை அது நம்பகமாக அணைக்காது. நேர்மின் முனையை ஒட்டியே, ஆயிரக்கணக்கான ஆம்பியர் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தைத் துண்டிக்கவல்ல ஃபியூஸ் இருக்க வேண்டும். டி வகை ஃபியூஸ் 20,000 ஆம்பியர் வரை தாங்கித் துண்டிக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுவோம். 100 ஆம்பியர்-அவர் என்றால் 1,280 வாட்-அவர். எண்பது சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய 1,000. சின்ன கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 500 வரை எடுக்கும். விளக்கு, செல்போன், லேப்டாப்புக்கு 200. இண்டக்ஷனில் இருபது நிமிடச் சமையலுக்கு இன்னொரு 500. முடிந்தது கதை. மலைமேல் இரவில் மின்விசிறி வேண்டாம் என்பது மட்டுமே ஆறுதல். கூரையில் சோலார் இருக்கிறதே என்பார்கள். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் நிழலில் வண்டியை நிறுத்தினால், பேனலின் ஓரத்தில் விழும் நிழலே விளைச்சலைப் பெரிதும் குறைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் கேட்கவே வேண்டாம். அடுப்புக்கு கேஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்வதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

மீதி எவ்வளவு என்று பார்க்க வோல்ட் மீட்டரை மட்டும் மாட்டிக் கொடுப்பதும் தவறு. இந்த வகைச் செல்லின் மின்னழுத்தம் நீண்ட நேரம் 3.2, 3.3 வோல்ட்டிலேயே நின்றுவிட்டு, கடைசியில் சட்டென்று சரியும். ஷன்ட் வைத்த மீட்டர்தான் உண்மையைச் சொல்லும்.

குளிர் நாடுகளின் கையேடுகள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதே என்று எச்சரிக்கின்றன. அதைப் பார்த்து இங்கும் ஹீட்டர் வைத்த பேட்டரி கேட்கிறார்கள். கொல்லிமலைக்கு அது வேண்டாத செலவு. நம் பேட்டரிக்கு எதிரி, கீழே வெயிலில் கதவடைத்து நிறுத்திய வண்டி. இன்ஜினை ஒட்டியோ கூரையடியிலோ பேட்டரியை வைக்காதீர்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பாதிச் சார்ஜ் போதும்.

இந்தச் செல்லைக் குறை சொல்லுமுன் அதன் பின்னணியையும் நினைக்க வேண்டும். 1990-களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவில் பாதி என்பவரும் நஞ்சுண்டசுவாமியும் கண்டறிந்த பொருள் இது. அதற்கு வழி திறந்த பாலிஅயனி ஆய்வை 1980-களில் குட்இனஃபுடன் செய்தவர் அமராபுரத்தில் பிறந்து மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குட்இனஃப் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவரும் அவரே. நம் ஊர்க்காரர் பங்கெடுத்த அறிவின் விளைவை, நம் ஊர்ப் பட்டறையில் தளர்ந்த லக்கால் கெடுக்கலாமா?

2022 டிசம்பர் முதல் மின்சார இருசக்கர வாகனப் பேட்டரிகளுக்கு ஏஐஎஸ்-156 விதிகள் கடுமையாக்கப்பட்டன. வண்டிக்குள் விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் வைக்கும் பேட்டரி அந்த விதியில் வராது. கேட்க ஆளில்லை என்பதற்காக நாம் தளர்ந்துவிடக் கூடாது.

நாமக்கல் லாரி பாடிக்கும் கரூர் பஸ் பாடிக்கும் நாடெங்கும் பெயர் இருக்கிறது. கேம்பர்வேன் வேலையும் அந்தப் பட்டறைகளுக்கு வந்து சேர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அதற்கு ஒன்று செய்யுங்கள்: இனி ஒவ்வொரு வண்டியோடும் ஒரு தாள் கொடுங்கள். சுமைக் கணக்கு, ஃபியூஸ் அளவு, டார்க் அளவு, அடுத்து முறுக்கிப் பார்க்க வேண்டிய தேதி ஆகியவற்றை எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.