தேக்காவில் ஒரு சட்டம், கடற்கரையில் ஒரு சட்டமா?

மதுவுக்கு வக்காலத்து வாங்க நாம் பேனா எடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தோட்டப் பாட்டாளியின் இரத்தத்தை உறிஞ்சிய அட்டைகளுள் கள்ளுக்கடையைப்போல் கொழுத்த அட்டை வேறில்லை. பால்மரத்தடியில் விடியற்காலை முதல் உழைத்துச் சம்பாதித்த கூலி, சம்பள நாள் மாலையில் கள்ளுக்கடை மேசையில் கரைந்தது. லயத்து வாசலில் பெண்டு பிள்ளைகள் வெறும் பானையோடு காத்திருந்தார்கள். இந்தக் கொடுமையை எதிர்த்துத்தான் 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கெடாவில் தொண்டர் படையினர் கிளர்ந்தெழுந்தார்கள். பீடோங் கள்ளுக்கடை முன்னே கூடியவர்களைப் போலீசார் அடித்துக் கலைத்தார்கள். ஒரு தொழிலாளி உயிர் துறந்தார். கள்ளை மூடு என்று கேட்டவனுக்கு அன்றைய சர்க்கார் தந்த பதில் அது!

அந்தப் பரம்பரையில் வந்த நாம்தான் இன்று சொல்கிறோம்: சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்தைச் சுற்றிப் போடப்பட்டிருக்கும் மதுக் கட்டுப்பாட்டு வேலி நியாயமான வேலி அன்று.

காஸ்வேக்கு அப்பால் நடக்கும் சங்கதி தோட்டத் தொழிலாளிக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். அங்கே கட்டடச் சாரத்தில் நிற்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளி, நம் தாத்தா பாட்டி கப்பலேறிய அதே சீமையிலிருந்து வந்தவன். அதற்கும் மேலாக, ஏழைத் தொழிலாளி கூடும் இடத்துக்கு ஒரு சட்டம், மற்றவர் கூடும் இடத்துக்கு ஒரு சட்டம் என்ற வழக்கம் ஓர் ஊரில் வேரூன்றினால், அடுத்த ஊருக்கு வர அதிக நாள் பிடிக்காது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ்கோர்ஸ் ரோட்டில் தனியார் பஸ் ஒன்றின் அடியில் சிக்கித் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மாண்டார். கூட்டம் கொதித்தெழுந்தது. போலீஸ் வண்டிகள் எரிந்தன. உதவிக்கு வந்த ஆம்புலன்ஸையும் விடவில்லை. இதை நாம் நியாயப்படுத்தப் போவதில்லை. உயிர் காக்க வந்தவர்மீது கல் எறிவது தொழிலாளர் வீரம் ஆகாது.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2014 ஜூன் மாதம் அறிக்கை வெளியாயிற்று. விபத்தும், விபத்தைப் பற்றிக் கூட்டம் கொண்ட தப்பெண்ணமும், மதுவும் காரணங்கள் என்று குழு கண்டது. சம்பளக் குறையும் தங்குமிடக் குறையும் கலகத்துக்குக் காரணமல்ல என்றும் அது சொல்லிற்று. அந்த முடிவோடு நாம் இங்கே வழக்காட வரவில்லை. பின்பு 2015 ஏப்ரல் முதல் தேதி மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் இரண்டு பகுதி உண்டு. தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது என்பது முதற்பகுதி. இது பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறது. இதில் நமக்குப் பிணக்கில்லை. இரண்டாம் பகுதிதான் தொண்டையில் முள்ளாய்க் குத்துகிறது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனி வட்டாரங்களாகக் குறிக்கப்பட்டன. அங்கே சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை, பட்டப்பகலிலும்கூட, பொது இடத்தில் மது அருந்துவது குற்றம். தண்டனையும் மற்ற இடத்தைவிட ஒன்றரை மடங்கு. மற்ற இடத்தில் முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் ஆயிரம் வெள்ளி அபராதம் என்றால், இங்கே ஆயிரத்து ஐந்நூறு!

ஞாயிறு மத்தியானம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பாய் விரித்து ஒரு கனவான் ஒரு டின் பியர் குடிக்கிறார். அது ஓய்வு. அதே நேரத்தில் தேக்காவில் புல்தரையில் ஒரு கட்டடத் தொழிலாளி அதே டின்னை உடைக்கிறான். அது குற்றம். டின் ஒன்று, நாள் ஒன்று, வெயில் ஒன்று. ஆளும் இடமும்தானே வேறு? அந்த வட்டாரத்துக்குள்ளேயே லைசென்ஸ் பெற்ற கடைக்குள் மேசை பிடித்து உட்கார்ந்தால் குடிக்கலாம். மேசைக்கு விலை கொடுக்க முடிந்தவனுக்குச் சட்டம் கதவைத் திறக்கிறது. முடியாதவனுக்கு அபராதச் சீட்டை நீட்டுகிறது. அப்படியானால் சட்டம் தடுப்பது குடியையா, ஏழ்மையையா?

எதிர்த்தரப்பார் சொல்வதையும் கேட்போம். அங்கே அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு வார இறுதி நரகமாயிருந்தது என்கிறார்கள். உண்மைதான். மாடிப்படியில் குடிகாரன் கிடந்தால், பள்ளி போகும் பெண்குழந்தை அவனைத் தாண்டித்தானே போகவேண்டும்? அந்த வீடுகளில் இருப்பவர்களிலும் பலர் உழைத்துப் பிழைப்பவர்கள்தாம். அவர்கள் குறை தீரவேண்டும். ஆனால் தீர்க்கும் வழி எது? வாரம் முழுவதும் உழைத்தவன் ஒரே நாள் ஓய்வில் தன் ஊர்ச் சோறு தின்ன, ஊருக்குப் பணம் அனுப்ப, நண்பனைக் காண அந்த இடத்துக்கு வருகிறான். அவனுக்கு உட்கார ஒரு திண்ணை உண்டா என்று முதலில் கேட்கவேண்டாமா?

இதை நாம் மட்டும் கேட்கவில்லை. மது அருந்துவதைக் கட்டுப்படுத்தச் சொன்ன அதே விசாரணைக் குழு, தொழிலாளர் கூடும் அந்த இடங்களுக்கு வெளியேயும் அவர்களுக்குச் சேவைகளும் வசதிகளும் பெருகவேண்டும் என்று கூறிற்று. பின்னர் பொழுதுபோக்கு மையங்களும் விடுதிகளில் சில வசதிகளும் வந்தன என்பதை மறைக்கமாட்டோம். ஆனால் தடை சட்டப்புத்தகத்தில் ஏறியது. மீறினால் தண்டனை உண்டு. வசதி தராவிட்டால் யாருக்கு அபராதம்? ஒருவருக்கும் இல்லை!

இனி நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். கோலாலம்பூர் மாநகராட்சி 2021-ஆம் ஆண்டில் மளிகைக்கடைகளிலும் சீன மருந்துக்கடைகளிலும் இரவு பகல் கடைகளிலும் கடுஞ்சாராயம் விற்பதைத் தடுத்தது. பியர் காலை 7 முதல் இரவு 9 வரை மட்டும். இது முஸ்லிமல்லாதார் உரிமையில் கைவைப்பது என்று எதிர்ப்பு எழுந்தது. மதத்தின் பெயரால் பிறர் உணவிலும் குடியிலும் எவரேனும் தலையிட்டால் நாமும் எதிர்ப்போம். ஆயினும் மூலைக்கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மலிவுச் சம்சு அடுக்கி வைப்பது எந்தச் சமூகத்தின் உரிமை? அந்தப் போத்தல் எத்தனை தமிழ்க் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது என்பதை நாம் அறிவோம். இந்தக் கட்டுப்பாடு விற்பவன் கையைப் பிடிக்கிறது. அதனால் இதை வரவேற்கிறோம்.

ஆனால் மாநகராட்சியின் கட்டளை மாநகர எல்லையோடு நின்றுவிடுகிறது. தோட்டத்து வாசற்கடை மாவட்ட லைசென்ஸ் வாரியத்தின் கையில் இருக்கிறது. அந்த வாரியத்தின் முன் கடைக்காரன் மனுப் போடலாம். தோட்டத்துத் தாய்மாரின் குரல் அங்கே ஏறுகிறதா?

கடையை மூடினால் மட்டும் போதும் என்பாருக்கு 2018 செப்டம்பரை நினைவூட்டுகிறோம். சிலாங்கூரில் மெத்தனால் கலந்த நச்சுச் சாராயம் பல உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். மலிவாய்க் கிடைத்ததைக் குடித்தார்கள், செத்தார்கள். குடிப்பவனைத் துரத்துவதில் காட்டும் சுறுசுறுப்பைக் கள்ளச்சரக்குக் காய்ச்சுபவனையும் கடத்துபவனையும் பிடிப்பதில் காட்டவேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. பொது இடத்தில் குடிக்கத் தடை வேண்டுமென்றால் ஊர் முழுதுக்கும் ஒரே தடையாய் இருக்கட்டும். நெரிசலான வட்டாரத்துக்குத் தனி விதி வேண்டுமென்றால், அது லைசென்ஸ் எண்ணிக்கையிலும் விற்பவன் பொறுப்பிலும் தொடங்கட்டும். சாராயப் போத்தல் விற்கும் கடையை நேரத்தோடு மூடுங்கள். தேநீரும் தோசையும் விற்கும் ஒட்டுக்கடையை மூடாதீர்கள். இரவு வேலை முடிந்து வருபவனுக்கும் பசிக்கும். தடை பிறக்கும் நாளிலேயே உட்கார இடமும், விளையாட மைதானமும், போக வர பஸ்ஸும் பிறக்கட்டும். தோட்ட மாவட்டங்களில் மது லைசென்ஸ் கொடுக்குமுன் தொழிலாளர் சங்கத்தின் வாக்கைக் கேட்கட்டும்.

தோழர்களே! நம்முடைய பங்கும் உண்டு. குடிக்காதே என்று தம்பிக்கு நாம் சொல்லவேண்டும். சங்கக் கூட்டத்திலும் சொல்லவேண்டும், கோயில் திருவிழாவிலும் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லும் உரிமை அவனோடு உழைத்த நமக்கு உண்டு. அவனுக்கு உட்கார இடம் கொடாமல், உட்கார்ந்த இடத்தைக் குற்றமாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். உங்கள் மாவட்ட லைசென்ஸ் வாரியத்துக்கு மனு அனுப்புங்கள். பெண்கள் கையெழுத்து முதலில் விழட்டும்!