எது நாற்றம்?

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து பஃபலோ ரோட்டில் கால் வைத்தால், பெயர்ப்பலகையைப் பார்க்காமலே இடம் தெரிந்துவிடும். மல்லிகைச் சரம், மளிகைக்கடை மசாலைத்தூள், தேக்கா ஈரச்சந்தையின் மீன் எல்லாம் ஒன்றாக மூக்கை எட்டும். ஒரு காலத்தில் அங்கே மாட்டுச்சாணமும் சேர்ந்து வீசியது. மாடுகளைக் கட்டிவைத்த அப்பகுதியை மலாய்மொழியில் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம், என்றே அழைத்தார்கள்.

சிங்கப்பூர் ஆற்றின் நாற்றம் வேறு வகை. ('நாற்றம்' என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது!) பண்ணைக் கழிவும் சாலையோரக் கடைகளின் உணவுக் கழிவும் ஆற்றில் கலந்தன. 1977இல் தொடங்கிய துப்புரவுப் பணி 1987 வரை நீடித்தது. அழுக்கிலிருந்து வந்த அந்த நாற்றத்தைப் போக்கியது சரியே.

ஆனால், மூக்குக்குப் பழகாத வாசனையெல்லாம் நாற்றம் ஆகிவிடாது. டுரியானை ரயிலில் கொண்டுசெல்ல அனுமதியில்லை; கேலாங்கிலோ அதைத் தேடியே மக்கள் வருகிறார்கள். புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பம், அண்டைவீட்டு இந்தியர்களின் குழம்பு வாசனை பிடிக்கவில்லை என்று முறையிட்டது 2011இல் செய்தியானது. சமரசப் பேச்சில், அண்டைவீட்டார் வெளியே சென்றிருக்கும்போது மட்டும் குழம்பு வைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. செய்தியைப் படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி, பல இனத்தவரும் தத்தம் வீடுகளில் கறி சமைத்தார்கள்.

விட்டுக்கொடுத்த குடும்பம் பாராட்டுக்குரியது. அந்த ஏற்பாடுதான் சரியன்று. சொந்த அடுப்பை ஒளித்து மூட்டும் நிலை யாருக்கும் வரக்கூடாது. அதே பேச்சில், முறையிட்ட குடும்பம் குழம்பைச் சுவைத்துப் பார்க்கவும் சம்மதித்தது. அது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.